சூசையப்பர் இல்ல, காவக்காரரு

சன்னல் பக்கம் நீங்களே இருங்க சார். எனக்குக் காத்து ஆகாது. முகத்துல காத்து பட்டா கண்ணு தானா மூடிக்கிடும். பாக்கிறவிய தூங்குதான்னு நெனைச்சிருவாவ. அந்தப் பேரு எனக்கு ஏற்கனவே இருக்கு, போதும்.

உங்க சட்டைப்பையில எட்டிப் பாக்குதே, அது மியூசியம் டிக்கெட்தான? பச்சைக் கலரைப் பாத்ததுமே நெனைச்சேன். நான் அங்கனதான் காவலரா வேலை பாத்தேன். பேச்சிமுத்து. போன வைகாசியில ரிட்டையர் ஆயிட்டேன். மெட்ராஸ்ல இருந்து கொற்றந்துறைக்கு ஒருத்தர் வாராருன்னா அந்தப் படத்தைப் பாக்கத்தான் வருவாரு. திமிங்கல எலும்பைப் பாக்கவா வருவாரு?

படத்தை நல்லாப் பாத்தீங்களா? அதுல கையை மடக்கி, கையில தலையை வச்சு ஒருத்தர் உறங்குதாருல்லா, அவரைப் பாத்தீங்களா? எல்லாரும் சம்மனசைத்தான் பாப்பாவ, அந்தத் தேவதூதனை. றெக்கை இருந்தா நம்ம ஆளுகளுக்குப் போதும். எனக்கு அந்த உறங்குற ஆளைப் பத்தித்தான் வருத்தம். பஸ்ஸு தூத்துக்குடி போய்ச் சேர நேரம் கெடக்கு, சொல்லுதேன். நடுவுல நான் கண்ணை மூடுனா யோசிக்கேன்னு அர்த்தம்.

அந்தப் படம் போர்ச்சுக்கல்காரன் கப்பல்ல வந்ததுன்னு சொல்லுவாவ. உடம்பு முடியாத கப்பல்காரனுக படுத்துக் கெடக்கிறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சாம், அதுக்குள்ள ஒரு சின்னக் கோயில், அதுல மாட்டியிருந்தாவளாம். பெறகு டச்சுக்காரன் வந்தான். அவனுக்குச் சுரூபம், படம் எதுவும் ஆகாது. நம்ம கடக்கரை ஆளுக படத்தைப் பாயோட பாயாச் சுருட்டி உப்புக் கொட்டகையில ஒளிச்சு வச்சாவளாம். அவன் போனதும் ஊர்க் கோயில்ல மாட்டுனாவ. எத்தனை தலைமுறை மெழுகுவத்திப் புகையைக் குடிச்சுதோ. ஒரு புயல்ல கோயில் கூரை பறந்துபோச்சு. அப்ப இருந்த வெள்ளைக்காரக் கலெக்டர், கோயில் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் பத்திரமா வச்சிருக்கேன்னு எடுத்துட்டுப் போயி மியூசியத்துல வச்சாரு. கோயில் கட்டியாச்சு. கலெக்டரும் போயிட்டாரு. படம் மட்டும் இன்னும் பத்திரமாவே இருக்கு.

நான் வேலைக்குச் சேரும்போது அதைப் படம்னே சொல்ல முடியாது. வெறகடுப்புக்குப் பின்னால இருக்கிற சுவரு எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். அந்தக் கருப்புக்கு நடுவுல ஒரு ஆளு உறங்குறது தெரியும். அவரு முகத்துல மட்டும் எங்கிருந்தோ வெளிச்சம் அடிக்கும். மேல ஒரு றெக்கை நுனி. அவ்வளவுதான். அடியில ‘சூசையப்பரின் கனவு, ஐரோப்பா’ன்னு எழுதியிருந்துச்சு. மாதாவோட வீட்டுக்காரரு சூசையப்பருக்குக் கனவுலதான சம்மனசு வந்து சேதி சொல்லும்? சரியாத்தான இருக்கு? யாரும் சந்தேகப்படலை.

உறங்குற சூசையப்பர்ட்ட வேண்டிக்கிட்டா உறக்கம் வரும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியாது. விடிய விடிய அழுவுற புள்ளையைத் தூக்கிட்டு வருவாவ. புருசன் கடலுக்குப் போயிருக்கிற புதுப்பொண்ணுக வருவாவ. ஒரு பேங்க் மேனேசர் வருவாரு. செப்புக்காசு, பீரங்கிக் குண்டு எல்லாத்தையும் ரொம்ப அக்கறையாப் பாக்கிற மாதிரி சுத்திட்டு, யாரும் இல்லாத நேரமாப் பாத்து படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடிருவாரு. வேண்டுதல் பலிச்சா உள்ளங்கை அளவுல ஒரு தலகாணி தச்சுக் கொண்டுவந்து வைப்பாவ. மெழுகுவத்தியும் வைப்பாவ.

நீங்க கேப்பீங்க, மியூசியத்துல இதெல்லாம் விடலாமான்னு. நான் சட்டப்படி நடக்கிறவன் சார். மெழுகுவத்தியைப் பொருத்தக் கூடாதுன்னுதான் சட்டம். பொருத்தாம வைக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? 

எனக்கும் அந்த வேண்டுதலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்களுக்குச் சாஸ்தா கோயில் இருக்கு. சாயங்காலம் பூட்டும்போது “வாரேன் அய்யா”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவேன். அது ஒரு மரியாதை. ஒரே ரூம்ல வேலை பாக்கிறவிய சொல்லிக்கிடாமப் போனா நல்லாவா இருக்கும்?

எங்க வீட்டுக்காரி சண்முகக்கனிக்கும் உறக்கம் வராது. ஏன்னு ஒரு டாக்டரும் கண்டுபிடிக்கலை. நான் படுத்த கொஞ்ச நேரத்துல எந்திச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. அங்கன படுத்தா உறக்கம் வருதுங்கா. “என் பங்கு உறக்கத்தையும் சேத்து உங்க சூசையப்பர் உங்களுக்கே குடுத்துட்டாரு, அதுவும் மேளதாளத்தோட”ம்பா. என்ன சொல்லுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.

வந்தவியள்ல என் மனசுல நின்னது இன்னாசியம்மா. மீன் விக்கிறவ. என்னைவிட மூத்தவ, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரரு சின்ன வயசுலயே தவறிட்டாரு. ஜெரோம்னு ஒரே மவன். அவனைத் தூக்கி வளத்ததெல்லாம் வீட்டுக்காரரோட தம்பி மிக்கேலு. நீச்சல் சொல்லிக் குடுத்தது, வலை வீசச் சொல்லிக் குடுத்தது, முதமுதல்ல சவரம் பண்ணிவிட்டது எல்லாம் அவந்தான். சித்தப்பனும் மவனும் ஒரே போட்டுலதான் கடலுக்குப் போவாவ.

ஒரு நாள் விடியப்போற நேரம். மத்தவிய படுத்திருக்காவ, மிக்கேலு சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். சரியா உறங்கி நாளாச்சு அவனுக்கு. எதுக்க வந்த கப்பலைக் கவனிக்கலை. கப்பல் இடிச்சு போட்டு கவுந்துட்டு. மேல இருந்தவிய நீந்திப் பிடிச்சு ஏறிட்டாவ. ஜெரோம் உள்ள படுத்திருந்தான். வரலை.

கரைக்கு வந்ததும் இந்த மிக்கேலு என்ன செய்தாங்கிய? ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கலை. அவனா மதினி முன்னால மண்ணுல உக்காந்து, “கண்ணசந்துட்டேன் மதினி”ன்னுட்டான். 

நான் கேக்கேன், அப்படியா ஒருத்தன் சொல்லுவான்? பனிமூட்டம்னு சொல்லலாம். கப்பல்ல வெளக்கு எரியலைன்னு சொல்லலாம். கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லலாம். வெவரம் கெட்ட பய.

அன்னையில இருந்து இன்னாசியக்கா அவன் முகத்துல முழிக்கலை. எதுத்த எதுத்த வீடு. அவன் வாசலுக்கு வந்தா இவ கதவைச் சாத்துவா. அவனும் கடலை விட்டுட்டு ஐஸ் கம்பெனியில ஐஸ் உடைக்கப் போயிட்டான். நல்ல மீனாப் பாத்து வாங்கிட்டு வந்து இவ வாசப்படியில வைப்பான். இவ அவன் கண்ணு முன்னாலயே நாய்க்குப் போடுவா. தெருவுல நாயிகதான் கொழுத்துச்சு.

வீட்டுல அவளுக்குப் பொட்டு உறக்கம் கிடையாது. மத்தியானம் மீன் வித்து முடிச்சுக் கூடையைக் கேட்டுக்கு வெளிய வச்சுட்டு, கை காலைக் கழுவிட்டு வருவா. படத்துக்கு முன்னால தரையில முந்தானையை விரிச்சுப் படுப்பா. படுத்ததுதான் தெரியும், உறங்கிருவா. ஒரு நாள் எந்திச்சு உக்காந்து தலையை முடிஞ்சுக்கிட்டே சொன்னா: “தம்பி, இவரு முகத்தைப் பாத்தா ஜெரோம் படுத்திருக்கிற மாதிரியே இருக்கு. வாயை லேசாத் தொறந்துக்கிட்டு. அதான் எனக்கு இங்கன உறக்கம் வருது.”

தரையில படுக்க விடலாமான்னு கேக்காதீங்க. ‘தொடாதீர்கள்’னுதான் போர்டு இருக்கு. அவ தொடலை. அவளை யாரும் எழுப்பிரக் கூடாதேன்னு நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவத்துல சாஞ்சு பக்கத்துலயே காவல் இருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் புது மேடம் வந்தாவ. மங்கையர்க்கரசி மேடம். காப்பாட்சியர். படிச்சவிய, நல்லவிய, ஆனா சத்தம் இல்லாம நடப்பாவ. அது என்ன பழக்கம்? வேலைக்குச் சேந்த அன்னைக்கு, யார்ட்டயும் சொல்லாம நேரா ரூமுக்குள்ள வந்துட்டாவ.

“மூணு பேரும் தூங்கிட்டு இருக்கீங்களா?”ன்னாவ.

மூணு பேருன்னா யாரு? இன்னாசியக்கா ஒண்ணு. படத்துல இருக்கிறவரு ஒண்ணு. மூணாவது என்னைச் சொல்லுதாவ! நான் கண்ணைத்தான் சார் மூடியிருந்தேன். காதைத் தொறந்து வச்சிருந்தேன். 

“பல தடவை கூப்பிட்டேனே”ன்னாவ. 

“பெரியவிய பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு இருந்தேன் மேடம்”னேன். 

மெமோ குடுத்துட்டாவ. பணி நேரத்தில் உறக்கம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு. என் சர்வீஸ்ல அதுக்கு முந்தி வாங்குன மெமோ எல்லாம் வேற வேற மேடம், சார் குடுத்தது. அதையும் இதையும் சேத்துப் பேசக் கூடாது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தம்மாவைப் படுக்க விடாதீங்கன்னு மேடம் சொன்னாவ. நான் ஜெரோம் கதையைச் சொன்னேன். கேட்டுட்டுப் போனாவ. மறுநாள்ல இருந்து மத்தியானம் அந்தப் பக்கம் வாரதையே விட்டுட்டாவ.

அந்தப் படம்னா மேடத்துக்கு உசுரு. லென்சை வச்சுக்கிட்டு மணிக்கணக்கா நிப்பாவ. “பேச்சிமுத்து, இது பரோக் ஓவியம்”னாவ. எனக்குப் பாரா ஓவியம்னு கேட்டுச்சு. பாரான்னா எங்க ஆளுக போலீஸ் டேசன்ல துப்பாக்கியோட நிப்பாவளே, அது. “யாரு மேடம் பாரா நிக்கா?”ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு வெளக்கமாச் சொன்னாவ. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல அப்படி ஒரு பாணியாம். இருட்டை அள்ளிப் பூசிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சமா வைப்பாவளாம். பாக்கிறவன் மனசு பதறணும்னு வரையிறதாம். “வெளிச்சம் இப்படிச் சரிவா விழுதுன்னா அந்தப் பக்கம் என்னமோ இருக்கு. கரியை எடுத்தாத்தான் தெரியும்”னாவ.

எழுதி எழுதிக் கேட்டு, மெட்ராஸ்ல இருந்து வரதன்னு ஒருத்தரை வரவழைச்சாவ. பழைய படத்தைச் சுத்தம் பண்ணுறதுதான் அவரு தொழில். படத்தை எறக்கி மேசையில மல்லாக்கப் போட்டாரு. பஞ்சுக்குச்சியை மருந்துல தொட்டு நகம் நகமாத் தொடைப்பாரு. ஒவ்வொரு குச்சியும் கரிக்கட்டையாட்டம் வரும். “இது என்ன சார் இவ்வளவு அழுக்கு?”ன்னு கேட்டேன். “அழுக்கு இல்ல, ஊர்க்காரங்க பக்தி”ன்னாரு. 

அத்தனை நாளும் இன்னாசியக்காவுக்குத்தான் கஷ்டம். படம் சுவத்துல இல்ல. நான் திமிங்கல எலும்புக்குக் கீழ எடம் ஒதுக்கிக் குடுத்தேன். படுத்துப் பாத்தா. “முள்ளுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு தம்பி”ன்னு எந்திச்சுப் போயிட்டா.

முதல்ல உறங்குறவரு தொடைக்குப் பக்கத்துல இரும்புத் தொப்பி ஒண்ணு தெரிஞ்சுது. சூசையப்பர் தச்சுவேலை பாத்தவரு, அவருக்கு எதுக்கு இரும்புத் தொப்பி? பெறகு ஒரு ஈட்டி. இடது பக்கம் கருப்பு போகப் போக ஒரு கம்பிக் கதவு, ஒரு வயசான தாடிக்காரரு, அவரு கையில இருந்து நழுவுற சங்கிலி. அவரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற சம்மனசு. நாங்க இத்தனை வருசமாப் பாத்த றெக்கை அந்தச் சம்மனசோடது. வெளிச்சமும் அதோடதுதான்.

மேடம் கையைத் தட்டுனாவ. “பேச்சிமுத்து, இது சூசையப்பர் இல்ல! அந்தப் பெரியவருதான் இராயப்பர், பைபிள்ல வர்ற தலைமைச் சீடர். செயில்ல அடைச்சு வச்சிருக்காங்க. சம்மனசு வந்து வெளிய கூட்டிட்டுப் போகுது. நம்ம ஆளு அங்க காவக்காரரு. டியூட்டியில தூங்கிட்டாரு!”

அதோட விட்டிருக்கலாம்லா? என்னை ஒரு பார்வை பாத்தாவ. வரதன் சாரையும் ஒரு பார்வை பாத்தாவ. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கூரையில இருந்த புறா எல்லாம் பறந்துபோச்சு.

ஊருக்குள்ள செய்தி போனதும் பெரிய ரகளை. “வேதக்காரவியளை அடைச்சு வச்ச பட்டாளத்தானுக்கா தலகாணி தச்சுக் குடுத்தோம்?”னு பொம்பளைக சண்டைக்கு வந்தாவ. ஒருத்தி குடுத்த தலகாணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிட்டே போயிட்டா. பேங்க் மேனேசர் என்னை ஓரமாக் கூப்பிட்டு, “அப்ப எனக்கு இத்தனை நாளா உறக்கம் குடுத்தது யாருய்யா?”ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?

படத்தைச் சுவத்துல மாட்டுன மறுநாள் இன்னாசியக்கா வந்தா. கும்பிடக் கையைத் தூக்குனவ பாதியில நிறுத்திட்டா. “இது என்ன தம்பி, ஈட்டி?”ன்னா. நான் மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். காவலுக்கு வச்ச ஆளு, காக்க வேண்டிய நேரத்துல உறங்கிட்டான், அவ்வளவுதான்னேன்.

அவ முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கலை சார். 

“உறங்கிட்டானா?”ன்னா. “இவனையா நான் எம்புள்ளைன்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன்? இவன் காலடியிலயா படுத்துக் கெடந்தேன்?” 

குரல் ஏறிட்டு. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளைக் கூட்டிட்டு வந்த வாத்தியார் பயந்து புள்ளைகளை வெளிய ஓட்டிட்டுப் போனாரு. “தூக்கி வெளிய எறிங்க இவனை! இவனுக்கு ஒரு ரூம்பு, ஒரு ஃபேனு, ஒரு காவல்!” அப்படின்னு கத்திட்டுப் போயிட்டா. கடைசியாச் சொன்ன காவல் நான்தான். எனக்கு எவ்வளவு வருத்தமா இருந்திருக்கும்? மெமோ விசயம் அவளுக்கும் தெரிஞ்சு போச்சு, அதான் சாடையாப் பேசுதான்னு நெனைச்சேன். பெறகு கொஞ்ச நாளா அவ வரலை.

இதுக்கு இடையில மேடத்துக்கும் ஒரு அடி. இது யாரோ ரொம்பப் பெரிய ஓவியர் கைப்பட வரைஞ்சதுன்னு அவிய நம்பிக்கை. மெட்ராசுக்கே கொண்டுபோயிரணும்னு மேல இருந்து பேச்சு வந்துச்சு. வெளிநாட்டுல படிச்ச நிபுணர் ஒருத்தரு வந்து ஒரு நாள் முழுக்கப் பாத்தாரு. கடைசியில, “பெரியவர் வரைஞ்சது இல்ல, அவரு படத்தைப் பாத்து பட்டறையில யாரோ சிஷ்யப்பிள்ளை வரைஞ்சது. இராயப்பர் கையில ஆறு விரல் இருக்கு பாருங்க”ன்னுட்டுப் போயிட்டாரு. மெட்ராஸ் பேச்சு அதோட நின்னுபோச்சு. மேடம் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. நான்தான் காப்பி வாங்கிக் குடுத்து, “விடுங்க மேடம், ஒரு விரல் கூடத்தான குடுத்திருக்கான், கொறைக்கலையே”ன்னேன். அப்பதான் சிரிச்சாவ.

சரி, எங்க ஊருக்கு இது போதும்னு மேடம் அந்த ரூம்லயே ஒரு சின்ன விழா வச்சாவ. கோயில்ல இருந்து ஃபாதர் ரெக்ஸ்லின் வந்து படத்துல உள்ள கதையைச் சொன்னாரு. ஏரோதுன்னு ஒரு ராசா. இராயப்பரை செயில்ல போட்டு, ரெண்டு பக்கமும் காவல் வச்சு, சங்கிலியால பூட்டி வச்சிருந்தானாம். சம்மனசு வந்துச்சாம், சங்கிலி தானாக் கழண்டுச்சாம், கதவு தானாத் தொறந்துச்சாம், இராயப்பர் நடந்து போயிட்டாராம். எல்லாரும் கை தட்டுனாவ.

நான் பின்னால இருந்து கேட்டேன், “சாமி, அந்தக் காவக்காரனுக்கு என்ன ஆச்சு?”

ஃபாதர் என் பக்கம் திரும்புனாரு. “காலையில ராசா விசாரிச்சுட்டு, காவல் இருந்தவங்களைக் கொல்லச் சொல்லிட்டான்”னாரு.

நான் விடலை சார். “இது என்ன சாமி நியாயம்?”னேன். “பூட்டைத் தொறந்தது சம்மனசு. சங்கிலியைக் கழட்டுனது சம்மனசு. சத்தம் இல்லாமக் கூட்டிட்டுப் போனது சம்மனசு. அப்ப இவனை உறங்க வச்சதும் அதுதான? மேல உள்ளவிய ஒண்ணு நெனைச்சுட்டா ஒத்தக் காவக்காரன் முழிச்சிருந்து என்ன செய்ய முடியும்? அவனுக்காக ஒரு ஆளு பேசலையா?”

மேடம்தான் மைக்கைப் பிடிச்சு, “பேச்சிமுத்து, உங்க மெமோவை கேன்சல் பண்ணணும்னா நேராவே கேளுங்க”ன்னாவ. விழாவே சிரிச்சுது. ஃபாதரும் சிரிச்சாரு. நான் வெளிய வந்து திமிங்கலத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

யாருட்டயாவது சொல்லி ஆறணும்லா? வீட்டுல சொன்னா சண்முகக்கனி மேளதாளம்பா. அதனால மறுநாள் காலையில நேரா மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். இன்னாசியக்கா பாறை மீனு வெட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா. 

“அக்கா, நீங்களாவது நியாயத்தைச் சொல்லுங்க”ன்னேன். “அந்தக் காவக்காரனைக் கொன்னுட்டாவளாம். விடிஞ்சதும். உறங்குனதுக்காக.”

அருவாமனையில கை நின்னுச்சு. “கொன்னுட்டாவளா?”

“ஆமாக்கா. உறங்கணும்னா உறங்குனான்? உடம்பு அசந்தா கண்ணு கேக்குமா? அவனுக்கும் எத்தனை நாள் பாராவோ, யாருக்குத் தெரியும்?”

அவ கையில இருந்த மீனைப் பாத்துக்கிட்டே இருந்தா. அடுத்து நின்ன பொம்பளை, “யக்கா, வெட்டித் தாறியா இல்லையா?”ன்னு கேக்கவும்தான் சொரணை வந்துச்சு. போகும்போது எனக்கு மீன்தலை ஒண்ணு சும்மாவே போட்டுக் குடுத்தா. என் பக்கம் நியாயம் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டான்னு எனக்கு ஒரு திருப்தி.

ரெண்டு மூணு நாள் கழிச்சு மத்தியானம் வந்தா. தனியா வரலை. பின்னால மிக்கேலு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஐஸ் கம்பெனி நனைஞ்ச லுங்கியோட. அவன் எதுக்கு வந்திருக்கான்னு எனக்கு ஒண்ணும் ஓடலை. ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நுழைஞ்சு நான் பாத்ததே இல்ல.

படத்து முன்னால கொண்டுபோயி நிறுத்துனா. “பாரு”ன்னா.

அவன் பாத்தான். அவனும் முதல்ல சம்மனசைத்தான் பாத்தான். இவ விரலை நீட்டி உறங்குறவனைக் காட்டுனா. “காவலுக்கு இருந்தவன். உறங்கிட்டான். மறுநாள் கொன்னுட்டாவளாம்.”

மிக்கேலு இன்னும் கிட்டப் போயி அந்த முகத்தைப் பாத்தான்.

“நான் உன்னைக் கொல்லலை, மிக்கேலு”ன்னா. “ஆனா விட்டும் வைக்கலையே. தினம் விடிஞ்சதும் கதவைச் சாத்துனேன்.”

“மதினி...”ன்னான். அப்படியே தரையில உக்காந்துட்டான். வழக்கமா அவ முந்தானை விரிக்கிற எடம் அது. உக்காந்து சின்னப்புள்ளை மாதிரி அழுதான். “நான் தூக்கி வளத்த புள்ளை மதினி. நான் தூக்கி வளத்த புள்ளை”ன்னு அதையே சொல்லிக்கிட்டு. அவளும் பக்கத்துல உக்காந்துட்டா. அவன் தலையில கையை வச்சுக்கிட்டு, “தெரியும்ல, எனக்குத் தெரியாதா”ன்னா.

எனக்கும் மனசு எளகிருச்சு சார். எனக்காக ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்து, காவக்காரன் மேல தப்பு இல்லைன்னு படத்து முன்னாலயே சொல்லுதாவ! “விடுங்கக்கா, அந்த மெமோவை நான் எப்பவோ மறந்துட்டேன்”னேன்.

ரெண்டு பேரும் என்னை நிமிந்து பாத்தாவ. அழுதுக்கிட்டு இருந்த மிக்கேலுக்கு என்னமோ சிரிப்பு வந்துட்டு. அவளுக்கும் வந்துட்டு. எதுக்குச் சிரிச்சாவன்னு நான் கேட்டுக்கிடலை. பெரிய துக்கத்துல இருக்கிறவிய அப்படித்தான், காரணம் இல்லாமச் சிரிப்பாவ. மேடம் அந்த நேரம் பாத்து கதவு வரைக்கும் வந்தாவ. பாத்தாவ. என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாவ. டியூட்டி நேரத்துல மேடமே என்னை ரூமை விட்டு வெளிய நிறுத்துனது அன்னைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாவ ரெண்டு பேரும். இன்னாசியக்கா வெளிய வச்சிருந்த கூடையை மிக்கேலு தூக்கிக்கிட்டான். “சாப்பிட்டியால?”ன்னு அவ கேட்டது எனக்குக் கேட்டுச்சு. “இல்ல மதினி”ன்னான்.

அதுக்குப் பெறகு இன்னாசியக்கா மியூசியத்துக்கு வரவே இல்ல சார். நான் மத்தியானம் ஆனா ஸ்டூலைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். பொம்பளைக மறுபடியும் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாவ. காவக்காரரா இருந்தா என்ன, உறங்குறாருல்ல, அது போதும்னு வந்தாவ. மேனேசரும் வந்தாரு. இவளைக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எனக்குக் கவலை. மார்க்கெட்டுலயும் கேட்டேன். “காலையில வருது, வித்து முடிச்சதும் வீட்டுக்கு ஓடிருது”ன்னாவ. 

ஒரு நாள் மத்தியானம் மேடத்துட்டச் சொல்லிட்டு அவ தெருவுக்கே போனேன். நல்ல வெயிலு. தெருவுல ஆள் நடமாட்டம் இல்ல. தூரத்துல இருந்தே பாத்தேன், அவ வீட்டுக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. வாசப்படியில மிக்கேலு உக்காந்திருக்கான். கையில ஒரு தென்னை ஈக்குமாறு. பக்கத்து வீட்டுக் கோழிக கூட்டமா வந்து வாசலுக்கு ஏறப் பாக்குது. இவன் சத்தம் வராம ஈக்குமாத்தை ஆட்டி ஆட்டி வெரட்டுதான்.

“என்ன மிக்கேலு, அக்காவுக்கு...”ன்னு ஆரம்பிச்சேன். 

அவன் டக்குன்னு வாயில விரலை வச்சான். உள்ளுக்குள்ள காட்டுனான். எட்டிப் பாத்தேன். வெறுந்தரையில, முந்தானையைக்கூட விரிக்காம, ஒருச்சாஞ்சு படுத்து உறங்குதா. மீன் வெட்டுற கை ரெண்டையும் கன்னத்துக்கு அடியில குடுத்துக்கிட்டு.

“இப்பதான் அசந்தா. மெதுவாப் போங்கண்ணே”ன்னான், காதுக்குள்ள பேசுற மாதிரி. அவன் கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. ஐஸ் கம்பெனியில ராவேலை பாத்துட்டு வந்திருப்பான் போல. ஆனா முழிச்சுத்தான் இருந்தான்.

எனக்கு லேசா ஒரு வருத்தம்தான். அங்கன ஃபேன் உண்டு, குளிர்ந்த தரை உண்டு, காவலுக்கு நான் இருந்தேன். இருந்தாலும் ஒண்ணும் சொல்லலை. நம்ம செருப்பு கொஞ்சம் சத்தம் போடுற செருப்பு. அதைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, அந்தச் சுடுமணல்ல தெருமுனை வரைக்கும் வெறுங்காலோட நடந்தே வந்துட்டேன் சார்.